இன்னும் ஒரு மழைக்காலம்

தியானப் பகுதி: லூக்கா 13:1-9





ஸ்ரீமதுரையில் மழைக்காலம் மீண்டும் தொடங்கிவிட்டது. வயல்களில் நீர் நிற்கிறது. மிளகுக்கொடிகளில் சரம் இறங்குகிறது. மண்வயல் கடைத்தெருவில் குடையில்லாமல் நடப்பார் இல்லை. ஒரு காலத்தில் இந்த மழையின் சத்தம் எனக்குத் தாலாட்டாக இருந்தது. இப்போது அப்படியில்லை. இரவில் ஓட்டின்மேல் மழை பலக்கும்போதெல்லாம் விழித்துக்கொள்கிறேன். விழித்தவுடன் ஒரு சகோதரியின் கேள்வி என் செவியில் ஒலிக்கிறது. அந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்கவும், அது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று சொல்லவுமே இந்த வாரத் தியானத்தை எழுதுகிறேன்.

நான் செய்த பிரசங்கம்

2024-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, பொழுது விடியுமுன்னே வயநாட்டின் மேப்பாடிக்கு மேலேயுள்ள மலை பிளந்து இறங்கியது. புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை என்னும் ஊர்களை மண்ணும் பாறையும் நீரும் ஒன்றாய்ச் சேர்ந்து வாரிக்கொண்டு போயின. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மாண்டவர்களில் பலருடைய சரீரங்கள் சாலியாற்றில் அடித்துச் செல்லப்பட்டு, மலைக்கு அப்பாலுள்ள நிலம்பூரில் கரையொதுங்கின. அந்த இடம் நமக்குத் தூரமானதல்ல. பந்தலூர், சேரம்பாடி, வடுவஞ்சால் என்று போனால் சில மணி நேரத்தில் மேப்பாடி வந்துவிடும். நம்முடைய கூடலூர்ப் பகுதியும் 1877-ஆம் ஆண்டு வரை வயநாட்டோடு சேர்ந்திருந்த மண்தான். நம்மில் பலருக்கு அங்கே பெண் கொடுத்த வீடும் பெண் எடுத்த வீடும் உண்டு. அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பாடிகளில் தமிழ் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாய் வாழ்ந்தன.

அந்த வாரத்தின் ஞாயிறு, ஆகஸ்ட் 4. சபை நிரம்பியிருந்தது. பயம் ஜனங்களை ஆலயத்துக்குக் கொண்டுவந்திருந்தது. நான் பிரசங்க மேடையில் ஏறி, இது தேவனுடைய நியாயத்தீர்ப்பு என்று முழங்கினேன். தேசத்தின் பாவங்கள் ஏழு என்று விரல்விட்டு எண்ணினேன். ஒவ்வொரு பாவத்துக்கும் ஒரு வசனம் காட்டினேன். பலர் அழுதார்கள். கைகுலுக்கி, வல்லமையான செய்தி என்று சொன்னவர்களும் உண்டு. அதன் ஒலிப்பதிவு வாட்ஸ்அப் வழியாகச் சபைக்கு வெளியேயும் போயிற்று.

அன்று கடைசி வரிசையில், தேயிலை பறிக்கும் ஒரு சகோதரி இருந்தார். அவருடைய தங்கையும், தங்கையின் கணவரும், இரண்டு பிள்ளைகளும் முண்டக்கையில் குடியிருந்தவர்கள். அவர்கள் அகப்படவில்லை என்னும் செய்தியோடுதான் அவர் ஜெபிக்க வந்திருந்தார். அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவுமில்லை. ஆராதனை முடியுமுன் அவர் எழுந்து போனார்.

அடுத்த வாரம் விஷயம் அறிந்து அவர் வீட்டுக்குப் போனேன். அடையாளம் காணப்படாத சரீரங்களை அப்போது புத்துமலையில் அடக்கம் செய்திருந்தார்கள். பெயர் தெரியாததால் கல்லறைகளில் எண்கள் மட்டும் இருந்தன. எல்லா மதத்தாரும் அங்கே நின்று ஜெபித்தார்கள். அந்தச் சகோதரி அங்கே போய்த் திரும்பியிருந்தார். எனக்குக் கட்டன்சாயா கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி கேட்டார்: “ஐயா, புத்துமலையில என் தங்கச்சி எந்த நம்பர்னு இன்னும் தெரியலை. நீங்க ஏழு பாவம் சொன்னீங்களே, அதுலயாவது அவ எத்தனாவது நம்பர்னு சொல்லுவீங்களா?”

பிரியமானவர்களே, நான் வேதபாடம் கற்றவன். ஆனால் அந்த வீட்டில் எனக்கு வாய் திறக்கவில்லை.

சீலோவாமின் கோபுரம்

வீடு திரும்பி லூக்கா 13-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். பலமுறை பிரசங்கித்த பகுதிதான். அன்றுதான் அது எனக்குப் பிரசங்கித்தது.

சிலர் இயேசுவிடம் ஒரு செய்தியைக் கொண்டுவருகிறார்கள். பலியிட வந்த கலிலேயரைப் பிலாத்து கொன்று, அவர்கள் இரத்தத்தைப் பலிகளின் இரத்தத்தோடு கலந்தான் என்பது அந்தச் செய்தி. மாண்டவர்கள் ஏதோ பெரும்பாவம் செய்திருக்க வேண்டும் என்பது அவர்கள் மனத்திலிருந்த எண்ணம். ஆண்டவர் அந்த எண்ணத்தை வெளியே இழுத்து உடைக்கிறார். அதோடு நில்லாமல் தாமே இன்னொரு சம்பவத்தை எடுத்துச் சொல்லுகிறார்: சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டார்கள். முதலாவது மனிதனின் கொடுமையால் வந்த சாவு. இரண்டாவது இடிந்து விழுந்ததால் வந்த சாவு. இரண்டைக் குறித்தும் அவர் சொன்னது ஒன்றே. மாண்டவர்கள் மற்றவர்களைக் காட்டிலும் பெரிய பாவிகள் அல்லர். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிற நீங்கள் மனந்திரும்பாவிட்டால் உங்களுக்கும் அழிவு உண்டு.

இங்கே கவனியுங்கள். நியாயத்தீர்ப்பைக் குறித்த எச்சரிப்பு இந்தப் பகுதியில் இருக்கிறது. ஆனால் அது யாரை நோக்கித் திரும்புகிறது? கோபுரத்தின் கீழ் கிடப்பவர்களை நோக்கி அல்ல. கோபுரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவர்களை நோக்கியே. நானோ ஆண்டவர் காட்டிய திசைக்கு நேர் எதிராகக் கையை நீட்டினேன். நான் எண்ணிய ஏழு பாவங்களைப் பிற்பாடு ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அவற்றில் ஒன்றுகூட என்னுடைய பாவமாக இருக்கவில்லை. மற்றவர்களுடைய பாவங்களை மட்டும் எண்ணுகிறவன் தீர்க்கதரிசி அல்லன். யோனாவைப்போல, பட்டணத்துக்கு என்ன நேரிடும் என்று பார்க்க நிழலில் உட்கார்ந்திருக்கிறவன்.

யோபுவின் நண்பர்களும் அப்படியே. அவர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அதுவரையில் அவர்கள் செய்தது சரி. வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் தவறினார்கள். முடிவில் தேவனுடைய கோபம் யோபுவின்மேல் அல்ல, காரணம் சொன்ன அந்த நண்பர்கள்மேலேயே மூண்டது (யோபு 42:7). அந்த ஞாயிறு எனக்கு ஏழு பாவங்கள் அல்ல, ஏழு நாள் மௌனம்தான் தேவைப்பட்டது.

நான் மேடையில் முழங்கிய அதே வாரத்தில் நம்முடைய கூடலூரைச் சேர்ந்த செவிலியர் சபீனா என்ன செய்தார் என்பதை நீங்கள் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். சூரல்மலையில் பாலம் அடித்துச் செல்லப்பட்டிருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் காயப்பட்டவர்கள் கிடந்தார்கள். பெருக்கெடுத்தோடிய ஆற்றின் மேலே கட்டிய கம்பிவடத்தில் தொங்கியபடி மருந்துப் பெட்டியோடு அக்கரை சென்று, 35-க்கும் மேற்பட்டவர்களுக்கு அவர் சிகிச்சை செய்தார். அவ்வருடம் சுதந்திர தினத்தன்று தமிழக அரசு அவருக்குக் கல்பனா சாவ்லா விருது வழங்கியது. அவர் நம்முடைய சபையைச் சேர்ந்தவர் அல்லர். நம்முடைய மார்க்கத்தைச் சேர்ந்தவரும் அல்லர். ஆனால் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டு விலகிப்போன ஆசாரியனையும் இறங்கி வந்த சமாரியனையும் பற்றி ஆண்டவர் சொன்ன கதையில் (லூக்கா 10), அந்த வாரம் யார் எந்த இடத்தில் நின்றோம் என்பதை நான் அறிவேன்.

காய்க்காத கொடி

சீலோவாமைப் பற்றிச் சொன்னவுடனே ஆண்டவர் ஒரு மரத்தைப் பற்றிச் சொல்லுகிறார். திராட்சத்தோட்டத்தில் நட்ட அத்திமரம். உரிமையாளர் மூன்று வருடம் வந்து கனி தேடுகிறார். ஒன்றும் இல்லை. நிலத்தை வீணாய் அடைத்துக்கொண்டிருக்கிறது, வெட்டிப்போடு என்கிறார். தோட்டக்காரனோ இன்னும் ஒரு வருடம் கேட்கிறான். சுற்றிலும் கொத்தி எருப் போடுகிறேன், காய்த்தால் நல்லது, காய்க்காவிட்டால் பிறகு வெட்டலாம் என்கிறான்.

நம் சபையில் ஒரு பெரியவர் உண்டு. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து இங்கே அனுப்பப்பட்ட குடும்பங்களில் ஒன்றில் இளைஞனாக வந்தவர். தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்று, இன்று வீட்டைச் சுற்றிய சில சென்ட் நிலத்தில் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறார். அந்த நாட்களில் மனம் கலங்கி அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவேன். அவர் நட்ட மிளகுக்கொடிகள் சில, மூன்று வருடமாகியும் சரம் விடவில்லை. சில்வர் ஓக் மரத்தைப் பற்றிக்கொண்டு பச்சைப்பசேலென்று ஏறியிருந்தன. இலைக்குக் குறைவில்லை. காய்தான் இல்லை.

“இவ்வளவு இலை வைத்துக்கொண்டு காய்க்க மாட்டேன் என்கிறதே, இதைப் பிடுங்கிவிட்டு வேறு வைக்கக் கூடாதா?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “கொடி சோம்பேறி இல்லைங்கய்யா. மேல பாருங்க, நிழல் கட்டியிருக்கு. வெளிச்சம் படாம மிளகு எப்படிக் காய்க்கும்? தப்பு கொடி மேல பாதி, என் மேல பாதி.”

அடுத்த கோடையில், மழைக்கு முன்பாக, அந்த வயதிலும் ஆள் வைத்து மரங்களின் கிளைகளைக் கவாத்து செய்தார். அடியில் இருந்த களையைக் கையால் எடுத்து, வேர் காயப்படாமல் மேலாக மண்ணைக் கிளறி, தொழு உரம் இட்டார். ஜூன் மாத மழை விழுந்தபோது அந்தக் கொடிகளில் சில சரங்கள் இறங்கின. அதிகம் அல்ல. ஆனால் இறங்கின.

தோட்டக்காரனின் பொறுமை என்பது கைகட்டி நிற்பது அல்ல என்பதை அந்தத் திண்ணையில் கற்றேன். அவன் வெறுமனே, இன்னும் ஒரு வருடம் பார்ப்போம் என்று சொல்லவில்லை. நான் கொத்துகிறேன், நான் எருப் போடுகிறேன் என்று சொன்னான். காத்திருப்பவனே உழைப்பவனாகவும் இருக்கிறான். மரத்துக்கோ அந்த வருடம் சுகமான வருடம் அல்ல. கொத்தும்போது வேருக்கு வலிக்கும். எரு மணமுள்ள பொருளும் அல்ல. நம் வாழ்க்கையில் தேவன் நம்மை விட்டுவிட்டார் என்று நாம் எண்ணுகிற வருடங்கள், உண்மையில் அவர் நம்மைச் சுற்றிக் கொத்திக்கொண்டிருக்கிற வருடங்களாக இருக்கலாம். அந்தச் சகோதரியின் கேள்வி என் வேரில் விழுந்த கொத்து.

நீடிய பொறுமையும் அதை நான் பயன்படுத்திய விதமும்

தேவன் மோசேக்கு முன்பாகத் தம்முடைய நாமத்தைக் கூறினபோது, தாம் நீடிய சாந்தமுள்ளவர் என்று வெளிப்படுத்தினார் (யாத்திராகமம் 34:6). அந்த இடத்திலுள்ள எபிரெயச் சொற்களை அப்படியே எடுத்தால் மூக்கு நீண்டவர் என்று பொருள்படும். கோபம் கொண்டவனுக்கு மூச்சு சூடாகும், மூக்கு விடைக்கும். அந்தச் சூடு வெளியே வர வெகுநேரம் ஆகிறவர் நம்முடைய தேவன். கோபமே இல்லாதவர் என்று அதற்குப் பொருள் இல்லை. கோபிக்கத் தக்க காரணம் எல்லாம் இருந்தும் தாமதிக்கிறவர் என்றே பொருள். இந்தத் தாமதத்தின் காரணத்தை அப்போஸ்தலனாகிய பேதுரு விளக்குகிறார்: ஒருவனும் கெட்டுப்போகாமல் எல்லாரும் மனந்திரும்பவேண்டும் என்பதே அவருடைய விருப்பம் (2 பேதுரு 3:9).

ஆனால் இந்தப் பொறுமையை மனிதன் எப்படிப் பயன்படுத்துகிறான் என்பதற்கு வேறெங்கும் உதாரணம் தேடவேண்டாம். என்னையே பாருங்கள்.

அந்தச் சகோதரியின் வீட்டில் அன்றே மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையசைத்தார். புறப்படும்போது வாசல்வரை வந்து, “என்கிட்டத் தனியா சொல்லிட்டீங்க. ஆனா அன்னைக்குப் பேசுனது எல்லாருக்கும் முன்னாலதானேங்கய்யா?” என்றார். குற்றம்சாட்டும் குரலில் அல்ல, சாதாரணமாகவே கேட்டார். அடுத்த ஞாயிறே சபையில் சொல்லிவிடுகிறேன் என்று மனத்துக்குள் தீர்மானித்தேன்.

அடுத்த ஞாயிறு சொல்லவில்லை. துக்கம் ஆறட்டும் என்று எண்ணினேன். பிறகு அறுப்பின் பண்டிகை வந்தது. அந்த நல்ல நாளில் எதற்கு என்று விட்டேன். பிறகு கிறிஸ்துமஸ். பிறகு லெந்து நாட்கள். மனந்திரும்புதலைப் பற்றி 40 நாள் தியானம் நடத்தினேன். நான் மட்டும் திரும்பவில்லை. ஒவ்வொரு வாரமும் ஒன்றும் நேரிடவில்லை. மேடை இடியவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை. சகோதரியின் இடம் மட்டும் காலியாக இருந்தது. அவருக்கு மனம் ஆறினால் வருவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துர்க்கிரியைக்குத் தண்டனை சீக்கிரமாய் வராததால் மனிதருடைய இருதயம் துணிகிறது என்று பிரசங்கி 8:11 சொல்லுகிறது. அந்த வசனத்துக்கு இதைவிடத் தெளிவான உரையை நான் அறியேன். தேவனுடைய தயவு நம்மைத் திரும்பும்படி நடத்துகிறது என்கிறார் பவுல் (ரோமர் 2:4). அதே தயவைத் தலையணையாக வைத்து நான் ஒரு வருடம் உறங்கினேன்.

நம்முடைய மலைகளின் கதையும் இதுவே அல்லவா? முண்டக்கையில் 1984-ஆம் ஆண்டிலேயே ஒரு நிலச்சரிவு 14 உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2009 நவம்பரில் நம் நீலகிரியில் குன்னூர், கோத்தகிரி, உதகைப் பகுதிகளில் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி மேப்பாடியை அடுத்த புத்துமலையில் 17 பேர் மாண்டனர். அதே நாட்களில் நம்முடைய அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. மேற்குத் தொடர்ச்சி மலையைக் காக்கவேண்டும் என்று மாதவ் காட்கில் குழு 2011-ஆம் ஆண்டிலேயே அறிக்கை கொடுத்திருந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சநாள் பயந்தோம். மழை நின்றது. சரிவுகளை மீண்டும் வெட்டினோம். ஓடைகளை மீண்டும் அடைத்தோம். எச்சரிப்பு வருகிறது என்றால் இன்னும் காலம் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் காலம் இருக்கிறது என்பதையே எச்சரிப்பை மறப்பதற்குக் காரணமாக்கிக்கொள்கிறோம்.

இதைச் சொல்லும்போது மறுபடியும் பழைய தவற்றில் விழாதிருக்க வேண்டும். மலையை எப்படிப் பயன்படுத்துவது என்று தீர்மானித்தவர்கள் வேறு, மண்ணுக்குக் கீழே போனவர்கள் வேறு. அன்றாடக் கூலிக்குத் தேயிலை பறித்துப் பாடியில் படுத்து உறங்கியவர்கள் பிறருடைய கணக்கைச் சுமந்தார்கள். ஆகவேதான் ஆண்டவர் மாண்டவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நம்மை அனுமதிக்கவில்லை.

அப்படியானால் நியாயத்தீர்ப்பு இல்லையா?

உண்டு. அதை நான் மறைத்தால் இரண்டாம் முறை தவறு செய்தவனாவேன்.

தோட்டக்காரன் உரிமையாளரிடம், ஒருபோதும் வெட்டாதிரும் என்று கேட்கவில்லை. பிறகு வெட்டலாம் என்று ஒப்புக்கொண்டே ஒரு வருடம் கேட்டான். அந்தப் பெரியவரின் கொடிகளில் ஒன்று வாடல் நோயால் பட்டுப்போயிற்று. அதை அவர் வேரோடு எடுத்துத் தனியே கொண்டுபோய் எரித்தார். விட்டால் மற்றக் கொடிகளுக்கும் பரவும். எரிக்கும்போது அவர் முகத்தில் கோபம் இல்லை. நெருப்பு அணையும்வரை அங்கேயே நின்றார். தேவனுடைய தீர்ப்பும் எரிச்சல்கொண்ட ஒருவனுடைய பழிவாங்குதல் அல்ல என்று அன்று நினைத்துக்கொண்டேன். தீமை என்றென்றும் பரவிக்கொண்டிருக்க அவர் விடமாட்டார் என்பதே அது.

நியாயத்தீர்ப்பு நமக்குப் பயமாகவே கேட்கிறது. ஆனால் நீதி கிடைக்காதவனுடைய செவியில் அது நற்செய்தி. பலிபீடத்தின் கீழே இருக்கிற ஆத்துமாக்கள், எதுவரைக்கும் தாமதிப்பீர் என்று கூப்பிடுகிறார்கள் (வெளிப்படுத்தல் 6:10). கூலி மறுக்கப்பட்டவனும், ஏமாற்றப்பட்ட விதவையும், பெயரில்லாமல் எண்ணாகப் புதைக்கப்பட்டவனும் ஒருநாள் பெயர்சொல்லி அழைக்கப்படுவார்கள். அவர்களுடைய வழக்கு விசாரிக்கப்படும். அந்த நாள் இல்லையென்றால் தேவனுடைய பொறுமை வெறும் அலட்சியமாகிவிடும்.

அந்தத் தீர்ப்பு எங்கே தொடங்கும்? நான் சுட்டிக்காட்டிய ஊர்களில் அல்ல. தேவனுடைய வீட்டிலேயே தொடங்கும் என்கிறார் பேதுரு (1 பேதுரு 4:17). நம்முடைய ஆலயத்தில், முதலாவது பிரசங்க மேடையில். ஆனாலும் நாம் நம்பிக்கையிழக்கத் தேவையில்லை. தீர்ப்புச் சொல்ல வரப்போகிறவரே, நமக்காக இன்னும் ஒரு வருடம் கேட்டுப் பரிந்து நிற்கிறவர். மரத்தைக் காக்கக் கேட்டவர், கோடரியின் வெட்டைக் கல்வாரியில் தம்முடைய சரீரத்திலேயே ஏற்றார்.

திரும்பும் இடம்

புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் மனம் மாறுவதைக் குறிக்கிறது. பழைய ஏற்பாட்டின் எபிரெயச் சொல் வழியில் திரும்பி நடப்பதைக் குறிக்கிறது. நம்முடைய தமிழ் வேதாகமமோ இரண்டையும் ஒரே சொல்லில் சேர்த்திருக்கிறது: மனந்திரும்புதல். மனம் வருந்திவிட்டுக் கால் அதே வழியில் நடந்தால் அது மனந்திரும்புதல் அல்ல. நான் ஒரு வருடம் மனம் வருந்தினேன். திரும்பவில்லை.

கூடலூரிலிருந்து உதகைக்கு ஏறும் சாலையில் ஜீப் ஓட்டுகிற நம் சபைத் தம்பி ஒருவன், மூடுபனியில் வழி தவறிய ஓர் இரவில் என்னிடம் சொன்னான்: “இடம் கிடைக்கிறப்பவே வண்டியைத் திருப்பிடணும் ஐயா. அடுத்த திருப்பம் எங்க இருக்குன்னு நமக்குத் தெரியாது.” அவன் வண்டியைப் பற்றித்தான் பேசினான். எனக்கு அன்று உறக்கம் வரவில்லை.

2025 ஜூலை 27-ஆம் தேதி, ஞாயிறு, நல்ல மழை. சபையில் பாதிப்பேர் இல்லை. முதல் வருட நினைவுக்காக ஜெபிக்கவேண்டிய நேரத்தில் எழுந்து நின்று, போன வருடம் நான் பேசியது தவறு என்று சொன்னேன். மாண்டவர்களைப் பாவிகளாக்கித் துக்கப்பட்டவர்களைக் காயப்படுத்தினேன், என் ஆண்டவர் சொன்னதற்கு விரோதமாகப் பேசினேன் என்று சொன்னேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து நிமிடத்துக்காக ஒரு வருடம் ஓடி ஒளிந்திருந்தேன்.

அன்று அந்தச் சகோதரி சபையில் இல்லை. புத்துமலைக்குப் போயிருந்தார். செய்தி அவருக்கு எட்டியது. சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிறு வந்து, அதே கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சில வாரம் வருகிறார், சில வாரம் வருவதில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதமாட்டேன். என் மனந்திரும்புதல் அவர் இழந்த ஒருவரையும் திருப்பிக் கொடுக்கவில்லை. நான் தாமதித்த அந்த ஒரு வருடத்தையும் அவருக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. மன்னிப்பு உண்டு, ஆனால் தாமதத்துக்கு விலையும் உண்டு. அன்று சபைக்கு வராதவர்களும், அந்த ஒலிப்பதிவை இன்னும் வைத்திருப்பவர்களும் அறியும்படி இதை எழுத்திலும் வைக்கிறேன். தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள். யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களுக்கு இதை அனுப்புங்கள்.

தேவபிள்ளையே, இப்போது உன்னிடம் கேட்கிறேன். உன்னுடைய அந்த ஐந்து நிமிடம் எது? பங்காளியோடு பேசாமல் எத்தனை மழைக்காலம் போயிற்று? வேலியை அரை அடி தள்ளி வைத்ததை யாரிடம் ஒப்புக்கொள்ளவேண்டும்? வேலைக்காரனுக்குக் கொடுக்காமல் வைத்த கூலி எவ்வளவு? தங்கைக்குச் சேரவேண்டிய பங்கு எந்தப் பெட்டியில் இருக்கிறது? ஒன்றும் நேரிடவில்லையே என்று நினைக்கிறாயா? ஒன்றும் நேரிடாத இந்த நாட்கள்தாம் உனக்காகக் கேட்டு வாங்கப்பட்ட வருடம்.

அந்த அத்திமரம் காய்த்ததா, இல்லையா என்பதை இயேசு சொல்லவில்லை. உவமை தோட்டக்காரனின் வேண்டுதலோடு நின்றுவிடுகிறது. முடிவு நம்மிடம் விடப்பட்டிருக்கிறது. வெளியே மழை பெய்துகொண்டிருக்கிறது. கொடிகளில் சரம் இறங்குகிற காலம் இது.

ஜெபம்

இரக்கமும் நீடிய பொறுமையுமுள்ள எங்கள் பரலோகப் பிதாவே, எங்களை வெட்டிப்போடாமல் இந்த மழைக்காலத்தையும் காணச் செய்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். பிறருடைய துக்கத்தின்மேல் நின்று தீர்ப்புச் சொன்ன எங்கள் வாயை மன்னியும். உம்முடைய பொறுமையைச் சாக்காக்கி நாங்கள் தாமதித்த நாட்களை மன்னியும். மண்ணில் புதையுண்டவர்களின் குடும்பங்களை நினைத்தருளும். இன்னும் பெயர் தெரியாமல் எண்ணாக இருப்பவர்களை நீர் பெயரோடு அறிந்திருக்கிறீர், அதுவே எங்களுக்கு ஆறுதல். இரவில் மழைக்குப் பயந்து விழித்திருக்கும் எல்லாரோடும் இரும். எங்களைச் சுற்றிக் கொத்தும், எருவிடும், எங்கள்மேல் படிந்த நிழலை நீக்கி உம்முடைய வெளிச்சத்தைப் படச்செய்யும். திரும்ப இடம் இருக்கும்போதே திரும்பக் கிருபை தாரும். எங்களுக்காகப் பரிந்து பேசுகிற இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.

உங்கள் ஜெபங்களில் என்னையும் நினைத்துக்கொள்ளுங்கள். கர்த்தருக்குச் சித்தமானால் அடுத்த வாரம் சந்திப்போம்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்